இன்றைக்கு என்ன சமையல்?

நாவல் படிப்பதைப் போலவே சமையல் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வீட்டில் எத்தனை பேர், யார் முதலில் சாப்பிடுகிறார்கள், மீந்துபோனது யார் இலைக்குப் போகிறது, மாதக் கடைசியில் குழம்பு எப்படித் தண்ணீராகிறது என்பதையெல்லாம் முந்நூறு பக்கம் எழுதியும் சொல்லாமல் விட்ட குடும்ப நாவல்களை நான் படித்திருக்கிறேன். நல்ல சமையல் புத்தகத்தில் இவை ஆசிரியர் நினைக்காமலே வந்து விழுந்துவிடும்.

தமிழில் இவ்வகைப் புத்தகம் என்றால் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'தான் முதலில் நினைவுக்கு வரும். அதன் முதல் பாகம் வெளியானது 1951ல். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் அவர். உறவுப் பெண்கள் செய்முறை கேட்டு அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள்; எல்லாவற்றையும் ஒரு புத்தகமாகவே எழுதிவிடலாமே என்று யோசனை சொன்னவர் உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். கடிதத்தில் பிறந்ததாலோ என்னவோ, எதிரே ஓர் ஆளை வைத்துக்கொண்டு பேசுகிற தோரணை அந்தப் புத்தகத்துக்கு இருக்கிறது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் ஒரு சின்னப் பெண்ணிடம் பேசுகிற பேச்சு அது.

அவர் செய்த பெரிய காரியம் அளவு சொன்னது. "உப்பைத் திட்டமாகப் போடு", "காரம் பார்த்துக்கொள்", "பதமாக இறக்கு" என்று சொல்லிக்கொடுத்த வீடுகளில், அந்தத் திட்டமும் பதமும் என்ன என்பது சொன்னவளோடு போய்விடும். மீனாட்சி அம்மாள் ஆழாக்கை எடுத்து அளந்தார். எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற கணக்கு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனாலும் ஒரே பாத்திரத்தால் அரிசியையும் பருப்பையும் அளந்தால் விகிதம் மாறாது அல்லவா? படி போய் லிட்டர் வந்த பிறகும் புத்தகம் பிழைத்துக் கிடந்தது.

'கைமணம்' என்று நாம் புகழ்கிறோமே, அந்தப் புகழ்ச்சியில் எனக்கு வெகு நாளாகச் சந்தேகம் உண்டு. உன் கைக்குத்தான் இந்த ருசி வரும் என்று சொல்லிவிட்டால், பிறகு அந்தக் கையை அடுப்படியிலிருந்து எடுக்க யார் விடுவார்கள்? அளவு சொன்ன புத்தகம் அந்தப் புகழ்ச்சியைக் கொஞ்சம் ஆட்டிவைத்தது. யார் அளந்து போட்டாலும் ரசம் ரசமாகத்தான் வரும் என்றது. ஸ்திரீ விடுதலை என்ற நோக்கம் ஆசிரியைக்கு இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. காரியம் நடந்தது, அவ்வளவுதான்.

இனி என் குறை. அதை அந்த ஒரு புத்தகத்தின்மேல் வைக்கவில்லை. அந்த வகையின்மேலேயே வைக்கிறேன். சமையல் புத்தகங்கள் குழம்பு ஓர் அத்தியாயம், ரசம் ஓர் அத்தியாயம், கூட்டு, கறி, பட்சணம் என்று நடக்கின்றன. வீடு அப்படி நடப்பதில்லை. திங்கள், செவ்வாய், புதன் என்று நடக்கிறது. நூறு குழம்பு தெரிந்தவளும் திங்கட்கிழமை காலையில் ஒரு குழம்புதான் வைக்க வேண்டும். எதை வைப்பது? கூடையில் வாடத் தொடங்கிய வெண்டைக்காய் ஒன்று சொல்லும். ஞாயிற்றுக்கிழமை வைத்த சாம்பார் இன்னொன்று சொல்லும். மாமனாரின் வயிற்றுவலி, பையனின் பரீட்சை, பலசரக்குக் கடைப் பாக்கி எல்லாம் ஆளுக்கொன்று சொல்லும். இத்தனையையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் சமையலில் கடினமான பகுதி. அதற்கு எந்தப் புத்தகத்திலும் அத்தியாயம் இல்லை.

செய்முறை எழுதுகிற தமிழையே கவனித்துப் பாருங்கள். "ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு ஆழாக்கு", "அரைத்து வைத்த மாவு", "புளித்த மோர்". எத்தனை பெயரெச்சங்கள்! ஊறவைத்தது யார், முதல் நாள் இரவு படுக்கப் போகுமுன் அதை நினைத்துக்கொண்டது யார் என்று கேட்டால் இலக்கணம் பதில் சொல்லாது. எழுவாய் இல்லாமலே கடலை ஊறிவிடுகிறது. மறுநாள் சுண்டல் ஆறு மணிக்குத் தொடங்குவதாகத்தான் புத்தகம் நினைக்கிறது. முந்தின இரவு பத்து மணிக்கே அது தொடங்கிவிட்டது.

இப்படி எழுதாத திட்டம் நம் அடுப்படிகளில் ஏராளம். இட்லி மாவையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு தடவை அரைத்தால் முதல் நாள் இட்லி; மறுநாள் தோசை; புளிப்பு ஏறிய மூன்றாம் நாள் வெங்காயம் மிளகாய் தூவி ஊத்தப்பம், அல்லது குழிப்பணியாரம். மூன்று நாள் ஜாபிதா ஒரே தூக்கில் அடங்கிவிடுகிறது. குளிர்ப்பெட்டி வந்தபின் அது ஒரு வாரத்துக்கும் நீண்டது. காய்கறியிலும் இதே கணக்குத்தான்: கீரையை வாங்கிய அன்றே ஆய்ந்துவிட வேண்டும், வெண்டையும் கத்தரியும் இரண்டொரு நாள் பொறுக்கும், சேனையும் பூசணியும் வாரக் கடைசிவரை ஒரு மூலையில் கிடக்கும். அதற்கும் மேலே, காயே இல்லாத நாளுக்கென்று கோடையில் மொட்டை மாடியில் காயவைத்த சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் ஜாடியில் காத்திருக்கும். வற்றல் குழம்பு என்பது நாலு மாதத்துக்கு முன் ஒருத்தி யோசித்த யோசனை. நாம் அதை அவசரச் சமையல் என்கிறோம்!

முன்பு இந்த யோசனையில் பாதியைப் பஞ்சாங்கம் ஏற்றுக்கொண்டிருந்தது. ஆசாரமான வீடுகளில் ஏகாதசிக்குப் பட்டினி, துவாதசிக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயும், புளி கிடையாது, அமாவாசைக்கு வாழைக்காய். கறி தின்கிற வீடுகளில் ஞாயிறு கறிக்குழம்பு, செவ்வாய் வெள்ளி சைவம், புரட்டாசி முழுதும் சைவம். பக்தியைப் பற்றி அவரவருக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கலாம். யோசிக்கிற சிரமம் குறைந்தது என்பது மட்டும் உண்மை. மீதிப் பாதி மாமியாரிடம் இருந்தது. என்ன சமையல் என்று அவள் சொல்வாள், இடுப்புச் சாவியை எடுத்துத் திறந்து அரிசியை அளந்து போடுவாள், மருமகள் ஆக்குவாள். தீர்மானிப்பது அதிகாரம், ஆக்குவது உழைப்பு என்று இரண்டு ஆளாகப் பிரிந்து கிடந்தது. தனிக்குடித்தனம் வந்தபோது மருமகளுக்குச் சாவி கிடைத்தது. கூடவே கேள்வியும் கிடைத்தது.

இங்கிலாந்தில் இதே பிரிவை எஜமானிக்கும் சமையற்காரிக்கும் நடுவில் வைத்து ஒரு புத்தகம் எழுதப்பட்டது. இசபெல்லா பீட்டன் என்பவர் 1859 முதல் பத்திரிகையின் மாதப் பகுதிகளாக எழுதி, 1861ல் ஆயிரத்துச் சொச்சம் பக்கங்களில் வெளியிட்ட குடும்ப நிர்வாக நூல் அது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிரம்பியிருக்குமோ நிரம்பாதோ! 1865ல், இருபத்தெட்டாவது வயதில் காலமாகிவிட்டார். செய்முறைகளில் பெரும்பாலானவை பிறரிடமிருந்து எடுத்தவை, எலைஸா ஆக்டன் 1845ல் எழுதிய புத்தகத்திலிருந்தும்கூட. ஆனால் நான் தேடுகிற அத்தியாயம் அவரிடம் இருக்கிறது. மாதவாரியாக, ஞாயிறு முதல் சனி வரை, எளிய குடும்பத்துக்கான சாப்பாட்டு ஜாபிதா. ஒரு நாள் மேஜைக்கு வந்த இறைச்சியின் மிச்சம் மறுநாள் வேறு உருவத்தில் வருகிறது. அதைச் சொல்ல அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. மீந்ததை அச்சில் ஏற்றிய அந்தத் துணிச்சலுக்காகவே அவருடைய மற்ற திருட்டுகளை மன்னித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் புத்தகங்களில் பழைய சோறும் சுண்டக்குழம்பும் எங்கே? ஊரெல்லாம் சாப்பிடுகிறது, அச்சகத்துக்கு மட்டும் போகமாட்டேன் என்கிறது.

ஆனால் பீட்டனின் ஜாபிதா கீழே ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பி எழுதியது. எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்கிற வீட்டுக்கு அது பாதி வழிதான் வரும்.

அந்த ஒரே ஆளின் தலைக்குள் நடப்பதைத் தமிழில் எழுதியவர் அம்பை. 1988ல் வந்த தொகுப்பின் தலைப்புக் கதையான 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யில், ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பம் ஒன்றின் முதியவளிடம் மருமகள் பேசுகிறாள். என்ன சமைப்பது என்ற நினைப்பு மனத்தின் மூலைமுடுக்கையெல்லாம் அடைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால், நீங்களும் எதையெதையோ கண்டுபிடித்திருக்கலாமே என்கிறாள். சமையல் புத்தகங்கள் அத்தனையும் பார்க்கத் தவறியதை இந்தக் கதை பார்த்துவிட்டது. பாரம் கையில் இல்லை, நினைப்பில் இருக்கிறது. ஒரே ஒரு குறை: நாளைக் காலையில் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பது கதைக்குக் கவலையில்லை. கதைக்கு அந்தக் கவலை இருக்கவேண்டும் என்று நான் வற்புறுத்தவும் முடியாது. வாசகருக்கு இருக்கிறது, கதையை மூடிவைத்துவிட்டு அவர் எழுந்துபோகிற இடம் அதுதான்.

ஆகவே எனக்கு வேண்டிய புத்தகம் இன்னும் எழுதப்படவில்லை. வாரத்தைத் தாளில் போட்டால் வீடு ஹோட்டலாகிவிடும், ருசி போய்விடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்த ருசியைச் சாப்பிடுகிறவர்கள். ஆக்குகிறவர்கள் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. தாளில் எழுதியதை அடித்துத் திருத்தலாம். எதிர்பாராமல் விருந்தாளி வந்தால் புதன்கிழமைப் பூசணிக்காயைச் செவ்வாய்க்கே வெட்டலாம். அடுப்படிச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், கோடு போட்ட ஒரு தாள் போதும். அதில் வெள்ளிக்கிழமை இட்லி என்று எழுதுவது சுலபம். வியாழக்கிழமைக்கு நேரே "மத்தியானம் அரிசி, உளுந்து ஊறப்போட வேண்டும், சாயங்காலம் அரைக்க வேண்டும்" என்றும் எழுதிவைத்தால், அந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் ஊறப்போடலாம்.