துயரத்தை வினாவுவோர் யார்?

போரும் அனர்த்தமும் சிதைத்த இடங்களில் உளநல ஆராய்ச்சி எதனை முதலில் நோக்குதல் வேண்டும் என்பதை நிரற்படுத்திய கட்டுரையொன்று, 2011 இல் 'ப்ளொஸ் மெடிசின்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. ஆராய்ச்சியாளரும் கொள்கை வகுப்போரும் களப்பணியாளரும் முன்வைத்த 733 வினாக்கள் 59 ஆகத் தொகுக்கப்பட்டு, ஐந்து அளவுகோல்களின்படி புள்ளியிடப்பட்டன. மக்களை வருத்தும் நெருக்குதல்கள் யாவை, தேவைகளை அறிய ஏற்ற முறை எது, பாதிக்கப்பட்டோர் தம் துன்பத்தைத் தாமே எவ்வாறு எடுத்துரைக்கின்றனர் என்பனவே முன்னிலை பெற்றன.

இந்நிரலை நாம் வரவேற்கிறோம். ஏனெனில் அதற்கு முன் ஆட்சி செலுத்தியது வேறொரு வினா. வியட்நாம் யுத்தத்திலிருந்து மீண்ட அமெரிக்கப் படையினரின் அவலத்தை ஒட்டி, 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் ஏற்றுக்கொண்ட நோய்ப்பெயர் ஒன்று உண்டு: நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய். 2004 சுனாமி அடித்துச் சில வாரங்களுக்குள்ளேயே நமது மணற்காட்டுச் சிறுவரிடத்தும் அந்நோய் அளக்கப்பட்டது. ஆயின், இலங்கை இளையோரை ஆராய்ந்து 2010 இல் வெளியான மற்றோர் ஆய்வோ, அலைக்கு அப்பாலும் அவர்களை வாட்டிய வறுமையையும், வீட்டினுள் நிகழும் வன்முறையையும், பாதுகாப்பான உறைவிடம் இன்மையையும் சுட்டிற்று. கடல் ஒருநாள் வந்து போயிற்று, வறுமை போகவில்லை.

'பிற்பட்ட' என்ற அச்சொல்லையே எடுத்து நோக்குவோம். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்து போராடினர். மகன் இறந்தான் என்ற செய்தி இல்லை. எனவே எட்டுச் செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. இத்தாய்க்கு எது 'பின்'? அவளுக்கு நோய்ப்பெயர் சூட்டும் வினாத்தாள், அவள் கேட்கும் ஒரேயொரு கேள்வியை, 'என் பிள்ளை எங்கே?' என்பதை, நோயின் குறியாக மாற்றிவிடும் ஆபத்து உண்டு.

நமது கண்டனம் இவ்விடத்தில்தான் எழுகிறது. புள்ளியிட்ட அளவுகோல்களுள் ஒன்று, 'விடை காணத்தக்கதா?' என்பது. பார்வைக்கு நியாயமானதே. ஆனால், ஓராண்டு நிதியில் விடை காணத்தக்கது சிறிய வினாவே. காணி ஏன் திரும்பவில்லை, நீதி ஏன் தாமதிக்கிறது என்பன அவ்வளவில் அடங்கா. நிதி வழங்குவோர்க்கும் அவை உவப்பானவையல்ல.

மூன்றாவதாக நின்ற வினாவோ மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. மொழி கற்றோர்க்கும் உரியது. 'பெருமூச்சு' என நம்மவர் முறையிடும் உடற்குறியைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தம் எழுத்துகளிற் பதிந்ததோடு, தனியாளின் வடுவுக்கு அப்பால் சமூகத்தின் கூட்டுவடுவையும் ஆராய்ந்தார். 'நெஞ்சு பதறுது', 'மனம் விட்டுப்போச்சு' என்பவற்றை ஊர்தோறும் தொகுத்தவர் நம் தமிழ்த் துறைகளில் எத்தனை பேர்? சங்கச் செய்யுளின் கையறுநிலைக்கு உரை எழுதச் சலியாத நாம், முள்ளிவாய்க்காலிலிருந்து மீண்டவளின் பேச்சுக்கு ஓர் அகராதி செய்யவில்லை.

2021 முதல் 2030 வரைக்குமான இரண்டாவது நிரலும் 2023 இல் வெளியாகிவிட்டது. மூன்றாவது ஒன்று வகுக்கப்படுமாயின், புள்ளியிடும் மேசையில் அத்தாய்மாரும் அமர்தல் வேண்டும். வினாக்கள் முதலில் அவர்தம் மொழியிலேயே எழுதப்படுதல் வேண்டும்.