கிணற்றுக்குள் இறங்கும் மாவு

தண்ணீரில் கரைத்த மரவள்ளி மாவைக் கிளறிக்கொண்டே சூடேற்றினால், 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் அந்த மாற்றம் வரும்: பால்வெண்மை மங்கும், குழம்பு தெளியும், கிளறும் தண்டின் ஓசையே கனக்கும். எண்ணெய்க் கிணற்றுக்கான ஹைட்ரோஜெல் செய்பவரின் திறமை, இந்த இளக்கத்தை அவசரப்படுத்தாததில் தொடங்குகிறது. மாவுத்துகள் முழுக்க அவிழாவிட்டால் அடுத்துச் சேரும் அக்ரிலமைடு என்ற பெட்ரோலியச் சேர்மம் அதில் கிளைகளாகச் சீராகப் பற்றாது. நைட்ரஜன் குமிழிகளை விட்டு ஆக்சிஜனைத் துரத்தவேண்டும். இல்லையேல் பெர்சல்ஃபேட் தொடங்கிவைக்கும் வினை தயங்கும். பாலிமர் சங்கிலிகளைக் குறுக்கே கட்டும் சேர்மம் துளியளவுதான். மிஞ்சினால் ஜெல் இறுகி நீரைக் குடிக்க மறுக்கும். குறைந்தால் கூழாக ஓடும். சரியாக வந்த ஜெல், கையுறை விரலுக்கடியில் வழுவழுப்பாக அமுங்கி, விட்டதும் மெல்ல நிமிரும்.

அந்த நெகிழ்வுதான் பாறைக்குள் வேலை செய்கிறது. எண்ணெயைத் தள்ளச் செலுத்தும் தண்ணீர் அகன்ற வழிகளிலேயே ஓடி, நுண்துளைகளில் தங்கிய எண்ணெயைத் தொடாமல் வெளியேறிவிடும். உலர்த்தி அரைத்த ஜெல் துகள்கள் அவ்வழிகளில் ஊறிப் பருத்து அடைக்க, தண்ணீர் எண்ணெய் இருக்கும் பக்கம் திரும்புகிறது. செயற்கைப் பாலிமரே போதுமே, மாவு எதற்கு என்று கேட்கலாம். கொதிக்கும் ஆழங்களில் மாவுச்சங்கிலி அறுபடும், பாக்டீரியாவும் அதைத் தின்னும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லாக் கிணறும் அவ்வளவு கொதிப்பதில்லை. மிதமான வெப்பத்தில், வயலில் விளைந்த மலிவான மாவு பெட்ரோலியப் பொருளின் பங்கைக் குறைக்கிறது. உப்புநீர் ஜெல்லின் வீக்கத்தைக் குறைக்கும் என்பதும் மெய். ஆனால் மின்னூட்டமற்ற அமைடு கிளைகள் மிகுந்த ஜெல்லில் அந்தச் சுருக்கம் குறைவு.