பேழைக்குள் பண்பாடா?

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். தை பிறந்தால் தமிழர் திருநாள். அந்நாட்களில் கல்லூரி நூலகங்களுக்குச் சென்று பாருங்கள், தோழர்களே! வாயிலிலே தோரணம், மேசையிலே பட்டுத் துணி, கண்ணாடிப் பேழைக்குள்ளே பண்பாடு! பெருமை பேசுவது பிழையன்று. தன் வரலாறு அறியாத இனம் தலைநிமிர முடியாது. ஆனால் பெருமையைக் காட்டுவோர் முழுமையையும் காட்டுகிறார்களா?

புதுவை மண்ணின் சிறப்பைக் காட்சிக்கு வைப்போர் இரண்டை ஒதுக்கிவிட முடியாது. ஒன்று பாகூர்ச் செப்பேடு; மற்றொன்று திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மை.

ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கனின் 8ஆம் ஆட்சியாண்டில், பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாயின. "அன்றே நம் ஊரில் கல்லூரி!" என்று பலகை எழுதலாம், எழுதட்டும். அங்கு ஓதப்பட்டவை நான்கு வேதம் முதலான பதினான்கு வித்தைகள். வேதம் ஓத அந்நாளில் உரிமை பெற்றிருந்தோர் யார்? அந்த மூன்று ஊர்களின் மண்ணை உழுது, விளைவித்து, கல்விக்கூடத்துக்குச் சோறிட்டவர் யார்? உழுதவன் பிள்ளை அதன் திண்ணையிலேனும் அமர முடிந்ததா? இக்கேள்விகளை எழுப்பாத பலகை வரலாறு சொல்வதில்லை; வாழ்த்துப் பாடுகிறது!

அடுத்தது திருக்கனூர்ப் பொம்மை. பழைய தாளைக் கூழாக்கி, அச்சில் பதித்து, உலர்த்தி, வண்ணம் தீட்டும் கைகளின் கலை அது. புவிசார் குறியீடும் பெற்றது. அக்குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். செய்த கைக்குரியவர் பெயரை, அவர் பெறும் கூலியை, கற்ற முறையைப் பலகையன்றோ சொல்லவேண்டும்? பொம்மைக்குப் பேழையில் இடமுண்டு. அதைச் செய்தவரின் மகளுக்கு நூலகத்தில் இடமுண்டா? தாளைப் பொம்மையாக்கிய குடும்பத்தின் கையில் தாள் நூலாகவும் சேரவேண்டாமா?

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூல் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. பூட்டிக் காப்பதற்கு அவர் விதி வகுக்கவில்லை. புதுவை தந்த புரட்சிக்கவிஞர் பாரதிதாசனும் 'புத்தகசாலை' என்னும் பாடலில், சில தெருக்களுக்கு ஒன்றென நூலகம் கேட்டார். அவர் கேட்டது படிக்கும் இடம். பார்த்துவிட்டுப் போகும் இடமன்று.

ஆகவே, காட்சி வைக்கும் கல்லூரிகளுக்கு நாம் சொல்வது இது: செப்பேட்டின் படத்தருகே அதை ஆராயும் நூல்களை வையுங்கள், பொம்மையருகே அதைச் செய்தவரை அழைத்து வந்து பேசச் சொல்லுங்கள். நூல்களை இரவல் கொடுங்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பெண் அஞ்சாமல் எடுத்துச் செல்லட்டும்.

வாரம் முடிந்ததும், வந்து பார்த்தவர் எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள். வீட்டுக்குச் சென்ற நூல்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையே விழாவின் வெற்றிக்கு அளவுகோல்!