காப்பிக் கறைக்கு என்ன வயது?

அமெரிக்க வீடுகளில் 'பிரிமிட்டிவ்' பாணி கிறிஸ்துமஸ் மரம் என்று ஒன்று வைப்பார்கள். மினுங்கும் கண்ணாடி உருண்டை கிடையாது, கலர் விளக்குச் சரம் கிடையாது. விலகி விலகி நிற்கும் கிளைகளில் கையால் தைத்த சின்னத் துணித் தொங்கல்கள் மட்டும்: ஓர் ஆடு, ஒரு கோணல் வீடு, அந்த வீட்டைவிடப் பெரிய பறவை. துணி பழுப்பேறி, ஓரம் பிரிந்து, இருநூறு வருஷம் பரணில் கிடந்ததுபோல இருக்கும். விசாரித்தால் போன மாசம் தைத்தது என்பார்கள். திக்கான காப்பியிலோ டீயிலோ முக்கிக் காயவைத்தால் லினன் துணிக்கு ஒரே ராத்திரியில் வயசாகிவிடும்.

இந்தப் பாணியை வெறும் வீட்டு அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. அது பழமையைப் பற்றி ஒரு கதை சொல்கிறது. அந்தக் கதை சரிதானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். இந்தப் பாணிக்காரர்கள் விரும்பும் 'இறகு மரம்' 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் பிறந்தது. வாத்து இறகுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, கம்பியில் சுற்றி, கிளையாகச் செருகுவார்கள். ஜெர்மானியக் குடியேறிகளோடு அது அமெரிக்கா வந்தது. தொங்கல்களின் மூதாதையோ 'சாம்ப்ளர்', அதாவது சிறுமிகள் எழுத்தும் எண்ணும் தைத்துப் பழகிய துணி. அமெரிக்காவில் கிடைத்ததிலேயே பழையதாகக் கருதப்படுவது பிளிமத்தைச் சேர்ந்த லோரா ஸ்டாண்டிஷ் 1653 வாக்கில் தைத்தது. அதற்குச் சில வருஷம் கழித்து, 1659இல், பக்கத்திலிருந்த மாசசூசெட்ஸ் பே காலனி கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டது. 1681 வரை அது அமலில் இருந்தது. ஆக, அந்தக் காலத்துச் சாம்ப்ளரும் கிறிஸ்துமஸ் மரமும் ஒரே கூடத்தில் நின்றதே இல்லை. இன்றைய பிரிமிட்டிவ் மரம் நடக்காத ஒரு சந்திப்பை நினைவுகூர்கிறது.

'பிரிமிட்டிவ்' என்ற சொல்லும் பின்னால் வந்து ஒட்டியதுதான். 1930இல் நியூவார்க் அருங்காட்சியகத்தில் ஹோல்கர் கேஹில் நாட்டார் ஓவியங்களைத் திரட்டி 'அமெரிக்கன் பிரிமிட்டிவ்ஸ்' என்று பெயரிட்டார். அந்தக் கண்ணால் சாம்ப்ளரைப் பார்த்தால் வெகுளித்தனம் தெரியும். ஆனால் அது பாடம். பத்து வயசுப் பெண் இழை எண்ணி எண்ணித் தைத்த வீட்டுப்பாடம். நாம் அழகு என்று ரசிக்கும் கோணல், அவளுக்குத் திட்டு வாங்கித் தந்த தப்பாகவும் இருந்திருக்கலாம்.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எலிசபெத் பார்க்கர் என்ற இங்கிலாந்துப் பணிப்பெண்ணின் துணி இருக்கிறது. காலம் 1830ஐ ஒட்டி. பறவை இல்லை, வீடு இல்லை. சிவப்பு நூலில் தான் பட்ட கொடுமையையும் சாக நினைத்ததையும் வரிவரியாகத் தைத்துக்கொண்டே போகிறாள். கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதை யாரும் மரத்தில் தொங்கவிட மாட்டார்கள். எதைத் தொங்கவிடுகிறோம் என்பதிலேயே எதை மறக்க விரும்புகிறோம் என்பதும் தெரிந்துவிடுகிறது.

சரி, இன்று தைப்பவர்களிடம் வருவோம். கிராஸ் ஸ்டிச் போடுவது அவர்களுக்கு இன்பம். ஃபினிஷிங் என்றால் தலைவலி. தைத்து முடித்தவை டிராயரில் வருஷக்கணக்கில் தூங்கும். சிலர் காசு கொடுத்து வெளியே செய்யச் சொல்வதும் உண்டு. அந்த வேலைக்கு நுணுக்கம் வேண்டும். அட்டையில் பஞ்சு வைத்துத் துணியை இழுத்து மடிக்கணும், பின்பக்கத்துக்குக் கட்டம் போட்ட துணி கொடுக்கணும், கனத்துக்கு மரத்தூளோ பொடித்த வால்நட் ஓடோ அடைக்கணும், விளிம்பின் தையலை முறுக்குக் கயிற்றால் மறைக்கணும். நன்றாக முடித்த தொங்கல் கையில் கனமாக உட்காரும். அந்தக் கைத்திறனுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆனால் ஃபினிஷிங் பின்பக்கத்தை நிரந்தரமாக மூடிவிடுகிறது. எங்கே நூல் தீர்ந்தது, எங்கே பிரித்துத் தைத்தார்கள், எங்கே சோம்பல்பட்டு நூலைக் குறுக்கே இழுத்தார்கள் எல்லாம் அங்கேதான் இருந்தது. உள்ளே போனது வேலை முடிந்த ராத்திரிகளில் ஒரு பெண் நிஜமாகவே செலவழித்த நேரம். வெளியே பூசியது யாருமே வாழாத இருநூறு வருஷம். எனக்கு உறுத்துவது இந்தப் பண்டமாற்றுதான்.

காப்பியே கூடாது என்று சொல்லவில்லை. வெள்ளையின் கூச்சத்தை அது தணிக்கிறது, நூல் நிறங்களை ஒன்றோடொன்று இணக்கமாக்குகிறது. நிறமாக அது நல்ல தேர்வு. வயதாக அது பொய்.

இந்தப் பாணியிலேயே இதற்கு மாற்றும் இருக்கிறது. பழைய சாம்ப்ளரைப் பிரதி எடுப்பவர்கள் மூலத்தைத் தைத்த சிறுமியின் பெயரையும் அப்படியே தைப்பார்கள். பலர் அதற்குக் கீழே தங்கள் முதலெழுத்தையும் இந்த வருஷத்தையும் சேர்ப்பார்கள். பழுப்புத் துணியில் 2024 என்று தெளிவாகத் தைத்திருக்கும் ஒரு தொங்கல், பக்கத்தில் ஓரம் பிய்த்துத் தொங்கும் பத்து 'பழசுகளை'விட எனக்கு மேலானது. அதை இன்னும் நூறு வருஷம் கழித்து யாராவது கையில் எடுத்தால், கறை எப்போது வந்தது என்று குழம்பலாம். யார், எப்போது தைத்தார் என்பதில் குழப்பம் இருக்காது.