அருமையும் பெருமையும்: பழைய இசைத்தட்டுக்களின் மறுபதிப்பு

அருமை என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். எளிதிற் கிட்டாமை ஒன்று, சிறப்புடைமை மற்றொன்று. கிட்டாத பொருளெல்லாம் சிறந்த பொருளாகிவிடுமா? ஆகாது என்றே எவரும் விடை கூறுவர். ஆயினும், பழம்பொருள் சேகரிப்போர் உலகில் இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று மயங்கி நிற்பதைக் காண்கிறோம். அம்மயக்கம் சேகரிப்போரின் அலமாரியோடு நின்றிருந்தால் நமக்குக் கவலையில்லை. ஒரு மக்களின் கலைச் சரித்திரமே அதனால் வேறு உருவம் பெற்றுவிட்டது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ், புளூஸ் என்னும் இசைவகைகள் பழைய தட்டுக்களிலிருந்து மறுபதிப்பாக வெளிவந்த வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வுண்மை இனிது விளங்கும். அம்மறுபதிப்புக்களின் நிறையையும் குறையையும் எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விசை பிறந்த இடத்தை முதலில் அறிதல் வேண்டும். புளூஸ் என்பது மிசிசிப்பி முதலிய தென் மாநிலங்களில், பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டு, ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்குந்தோறும் கடன்காரனாகவே திரும்பிய உழவனின் பாட்டு. அடிமைத்தளை 1865ஆம் ஆண்டில் சட்டத்தால் அறுபட்டது. நிலமும் நீதியும் அவனுக்குக் கிட்டவில்லை. ஜாஸ் இசையோ நியூ ஆர்லியன்ஸ் நகரின் தெருக்களிலும் நடனக் கூடங்களிலும் வளர்ந்து, பிழைப்புத் தேடி வடக்கே சென்ற மக்களோடு சிக்காகோவையும் நியூயார்க்கையும் அடைந்தது.

இசைத்தட்டுக் கம்பெனிகள் நெடுங்காலம் இம்மக்களைப் பொருட்படுத்தவில்லை. 1920 ஆகஸ்டு மாதத்தில் மேமி ஸ்மித் என்னும் கறுப்பின மாது ஓக்கே கம்பெனிக்காகப் பாடிய ‘கிரேசி புளூஸ்’ பெருவாரியாக விற்பனையாயிற்று. அதன் பின்னரே, இவர்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பதை முதலாளிகள் கண்டுகொண்டனர். உடனே ‘இனத் தட்டுக்கள்’ என்னும் தனி வரிசைகள் தோன்றின. கறுப்பர்க்குத் தனிப் பள்ளி, தனி இரயில் வண்டி, தனி உணவு மேசை என்று வகுத்த நாட்டில், அவர்தம் பாட்டுக்கும் தனிப் பட்டியல்! அப்பட்டியலால் வந்த பணத்தை மட்டும் எவரும் தனியே பிரித்து வைக்கவில்லை. அது எப்போதும்போல் முதலாளியின் பெட்டிக்கே சென்றது.

பாரமவுண்ட் என்னும் கம்பெனியின் கதையைச் சற்றுக் கேளுங்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்து விற்ற நிறுவனம் ஒன்று கிராமபோன் பெட்டிகளும் செய்தது. பெட்டிக்குத் தட்டு வேண்டுமே என்று தட்டும் அடிக்கத் தொடங்கியது. மா ரெயினி, பிளைண்டு லெமன் ஜெபர்சன், சார்லி பேட்டன், ஸ்கிப் ஜேம்ஸ் ஆகியோரின் குரல்கள் உலகுக்குக் கிடைத்தது இந்த நாற்காலிக் கடைக்காரர்கள் வாயிலாகவே. அவர்கள் இட்ட அரக்குக் கலவை மிகவும் மட்டமானது. புதுத் தட்டிலேயே இரைச்சல் கேட்கும். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கம்பெனி மூடப்பட்டது. தட்டு அடிக்கும் உலோக அச்சுக்களில் பெரும்பாலானவை பழைய உலோகமாய்ப் போயின. பின்னர் 1942இல், யுத்தம் காரணமாக இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வரும் அரக்குக்குத் தட்டுப்பாடு நேரவே, அமெரிக்காவில் பழைய தட்டுக்களைத் திரட்டி உடைத்து அரைத்துப் புதிய தட்டுக்கள் செய்தனர். எத்தனை குரல்கள் அவ்வாறு அரைபட்டுப் போயினவோ!

எஞ்சியவற்றைக் காத்தவர் யாவர்? பல்கலைக் கழகங்களுக்கு முன்னரே சேகரிப்போர் அப்பணியை மேற்கொண்டனர் என்பதை நடுவுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 1930களில் நியூயார்க்கில் கொமடோர் என்னும் இசைக்கடை நடத்திய மில்ட் கேப்ளர், விற்பனையிலிருந்து மறைந்துபோன ஜாஸ் தட்டுக்களை மீண்டும் அடிப்பித்து விற்றார். அத்தட்டுக்களின் மீது வாத்தியக்காரர் ஒவ்வொருவர் பெயரையும் அச்சிட்டார். இது சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு முன் தட்டின் மீது குழுத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். கொம்பு ஊதியவனும் முரசு அடித்தவனும் பெயரற்ற கூலிகளே. ஒரு கலைஞனுக்கு அவன் பெயரைத் திருப்பித் தந்தது அம்முதல் மறுபதிப்பு. பாரிஸ் நகரில் ஷார்ல் தெலோனே 1936இல் வெளியிட்ட ‘ஹாட் டிஸ்காகிரபி’ என்னும் அட்டவணை நூல், எந்தத் தட்டில் எவர் வாசித்தார் என்பதை வகைப்படுத்திக் காட்டிற்று. 1940இல் கல்லூரி மாணவராயிருந்த ஜார்ஜ் அவாக்கியன், கொலம்பியா கம்பெனியின் இருப்பிலிருந்து லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 1920களின் பதிவுகளைத் தேடியெடுத்துத் தொகுதியாக வெளியிட்டார். அவற்றுள் அதுவரை வெளிவராத பதிவுகளும் இருந்தன.

1952இல் ஹேரி ஸ்மித் தம் சேமிப்பிலிருந்து தொகுத்து, போக்வேஸ் நிறுவனத்தின் மூலம் வெளியிட்ட அமெரிக்க நாட்டுப்பாடல் தொகுதியைத் தனியே பாராட்ட வேண்டும். எண்பத்து நான்கு பாட்டுக்கள். மலைநாட்டு வெள்ளையர் பாட்டையும் தென்னாட்டுக் கறுப்பர் பாட்டையும் அருகருகே வைத்த அவர், பாடுவோர் எந்நிறத்தவர் என்பதைக் குறிப்பிடவே இல்லை. கம்பெனிகள் இரண்டு பட்டியலாகப் பிரித்து வைத்ததை அவர் ஒரே பந்தியில் அமர்த்தினார். மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்னும் கறுப்பின உழவரை வெள்ளையர் என்றே பலர் பல ஆண்டுகள் எண்ணியிருந்தனராம்! நிறவெறி பேசுவோரின் செவிக்கே நிறம் தெரியவில்லை என்றால், அந்தப் பேதம் எங்கே இருக்கிறது? காதிலா, கருத்திலா?

அந்த ஹர்ட் 1928இல் சில பாட்டுக்களைப் பதிவு செய்துவிட்டு அவலான் என்னும் சிற்றூருக்குத் திரும்பி உழவுத்தொழில் செய்துவந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் உலகம் அவரை மறந்திருந்தது. பாட்டில் வரும் ஊர்ப்பெயரையே துப்பாகக் கொண்டு, பழைய தட்டுக்களில் ஈடுபட்டோர் 1963இல் அவரைத் தேடிக் கண்டனர். அவ்வாண்டே நியூபோர்ட் இசைவிழாவில் பல்லாயிரவர் முன்னிலையில் அவர் பாடினார். 1966இல் மறைவதற்குள் மூன்றாண்டுகளேனும் தாம் மதிக்கப்படுவதைக் கண்ணாற் கண்டார். மறுபதிப்பின் பெருமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனிக் குறைகளைக் கூறுவோம். முதற்குறை, முன்னர்ச் சொன்ன அருமை மயக்கம். ராபர்ட் ஜான்சன் என்பார் 1936இலும் 1937இலுமாக இருபத்தொன்பது பாட்டுக்களைப் பதிவு செய்து, 1938இல் இருபத்தேழாம் வயதில் இறந்தார். 1961இல் கொலம்பியா கம்பெனி அவருடைய பதினாறு பதிவுகளைச் சேர்த்து, டெல்டா புளூஸ் பாடகரின் அரசர் என்னும் பொருள்படத் தலைப்பிட்டு வெளியிட்டது. இங்கிலாந்தின் இளம் வாத்தியக்காரர்கள் அதைக் கேட்டு மயங்கினர். அவர் புகழ் உலகெங்கும் பரவிற்று. ஜான்சன் பெருங்கலைஞர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அவர் காலத்துக் கறுப்பின மக்கள் அவரை அரசராக முடிசூட்டினார்களா? இல்லை. அவர் தட்டுக்களில் ஒன்றே ஓரளவு விலைபோயிற்று. அம்மக்கள் வீடுதோறும் ஒலித்தவை பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டுக்களும், பியானோவுடன் அமைதியாகப் பாடிய லிராய் காரின் ‘ஹவ் லாங், ஹவ் லாங் புளூஸ்’ போன்றவையுமாம். புளூஸ் இசையின் முதல் நட்சத்திரங்கள் பெண்கள். அரங்கில் அணிபூண்டு, வாத்தியக் குழுவோடு நின்று பாடியவர்கள். பிற்காலத்துச் சேகரிப்போரில் பெரும்பாலோர் வெள்ளை இளைஞர்கள். அவர்களுக்கு அணிபூண்ட பெண்ணின் பாட்டைவிட, கிதாருடன் தனியே அலைந்த ஏழையின் கதறலே ‘உண்மையானது’ என்று பட்டது. அதிகம் விற்ற தட்டு எங்கும் கிடைத்தது, ஆகவே மலிவாயிற்று. விற்காத தட்டு கிட்டாததாயிற்று, ஆகவே மாணிக்கமாயிற்று. எலைஜா வால்டு 2004இல் எழுதிய நூலில் இத்தவற்றை விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார். டாமி ஜான்சன் என்பாரின் தட்டு ஒன்று 2013இல் 37,100 டாலருக்கு ஏலம் போயிற்று. அவ்விலை பாட்டுக்கு உரியதா, பிரதிகள் அழிந்துபோனமைக்கு உரியதா என்று வாசகர்களே தீர்ப்புக் கூறலாம்.

இரண்டாம் குறை ஊதியம் பற்றியது. பெஸ்ஸி ஸ்மித் 1923 முதல் கொலம்பியா கம்பெனிக்குப் பாடிப் பெருஞ்செல்வம் ஈட்டிக் கொடுத்தார். அவருக்குக் கிடைத்தது பாட்டுக்கு இவ்வளவு என்னும் கூலியே; விற்பனையில் பங்கு இல்லை. 1937இல் மோட்டார் விபத்தில் இறந்த அவருடைய கல்லறை 1970 வரை பெயர்ப்பலகையின்றிக் கிடந்தது. அவர் பதிவுகள் அனைத்தையும் வெளியிடும் பெரும் மறுபதிப்பு வரிசை தொடங்கியதும் அதே 1970இல்தான். கல்லை நிறுத்தப் பணம் தந்தவர்களோ ஜேனிஸ் ஜாப்லின் என்னும் பாடகியும், சிறுவயதில் பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஒரு மாதுமாவர். ராபர்ட் ஜான்சனின் முழுத்தொகுதி 1990இல் வெளிவந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அவருடைய மகன், சரளைக்கல் லாரி ஓட்டி வாழ்ந்தவர், தாமே வாரிசு என்பதை நீதிமன்றத்தில் நிலைநாட்டியது 1998இல். தந்தை இறந்து அறுபது ஆண்டுகள்! பெயரை மீட்டவர்கள் கூலியையும் மீட்டிருக்க வேண்டாமோ?

மூன்றாம் குறை ஒலியைப் பற்றியது. கிங் ஆலிவர் குழுவினர் 1923இல் இண்டியானா மாநிலத்து ரிச்மண்டு நகரில் வாசித்தபோது மின்சார ஒலிவாங்கி வழக்கில் இல்லை. தகரக் கூம்பு ஒன்றின் முன் நின்றே வாசித்தனர். அத்தகைய பதிவில் இரைச்சலை முற்றும் நீக்கப் புகுந்தால், கொம்பின் கூர்மையும் இரைச்சலோடு சேர்ந்து போய்விடும். நெல்லைத் தூற்றுவோன் பதரோடு மணியையும் காற்றில் விடுவது போலாம். 1980களில் ராபர்ட் பார்க்கர் என்பார் பழைய ஜாஸ் பதிவுகளுக்கு எதிரொலி சேர்த்துப் புதுமெருகிட்டார். கேட்போர் பலர் மகிழ்ந்தனர், தேர்ந்தோர் பலர் முகம் சுளித்தனர். இங்கிலாந்தின் ஜான் ஆர். டி. டேவிஸ் வேறு நெறி சென்றார்: நல்ல பிரதியைத் தேடுவது, தட்டின் பள்ளத்துக்கு ஏற்ற ஊசியைத் தேர்வது, சரியான வேகத்தில் சுழற்றுவது, இரைச்சலில் தீங்கானதை மட்டும் அகற்றுவது. பழஞ்சுவடியைப் பதிப்பிப்போர் பாடத்தைத் திருத்தாமல் கறையைத் துடைப்பதற்கு ஒப்பானது இந்நெறி. எமது வாக்கு இதற்கே.

இறுதியாக இருவகை மறுபதிப்பை ஒப்பிடுவோம். 2013இல் பாரமவுண்ட் கம்பெனியின் பதிவுகள் எண்ணூறு, ஓக் மரப் பெட்டியில், அழகிய நூல்களுடன் வெளிவந்தன. விலை நானூறு டாலர். பெட்டியின் வேலைப்பாடு சிறந்தது, ஆராய்ச்சியும் ஆழமானது. ஆயினும், ஏழைக்கு விற்ற பாட்டு ஏழைக்கு எட்டாத பேழைக்குள் புகுந்ததைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. மற்றொன்று, வியன்னா நகரத்து ஜானி பார்த் தொடங்கிய டாக்குமெண்ட் வரிசை. போருக்கு முற்பட்ட புளூஸ் கலைஞர்களின் பதிவுகளை, நல்லது தீயது என்று பொறுக்காமல், கால வரிசைப்படி முழுமையாக வெளியிடுவதே அவர் கொள்கை. மூலத்தட்டு தேய்ந்திருந்தால் ஒலியும் தேய்ந்தே கேட்கும். அட்டையில் அலங்காரம் இல்லை. ஆனால் மக்கள் விரும்பிய லிராய் காரும் சேகரிப்போர் விரும்பிய சார்லி பேட்டனும் அங்கே சரிசமம். சரித்திரத்தைத் தீர்மானிக்கும் உரிமையைப் பதிப்பாளர் தம் கையில் வைத்துக்கொள்ளாமல் கேட்போரிடம் கொடுத்தார். இதுவே பெரிய தொண்டு.

ஆகவே, பழம்பாட்டுத் தொகுதி ஒன்றைக் கையிலெடுப்போர் இவற்றைக் கேட்பாராக: பாடியவர், வாசித்தவர் பெயரெல்லாம் உண்டா? நாளும் ஊரும் குறிக்கப்பட்டனவா? எந்தப் பிரதியிலிருந்து எடுத்தார்கள்? அம்மக்கள் விரும்பியவை இடம்பெற்றனவா? பணத்தில் ஒரு பங்கு உரியவரின் குடும்பத்தைச் சென்றடைகிறதா? இவற்றுக்கு நேர்மையான விடை தரும் தொகுதி சிறிதாயினும் சிறந்ததே. தராதது பொற்பெட்டியில் வந்தாலும் வெறும் வியாபாரமே.

அமெரிக்கச் சட்டப்படி, 1923க்கு முற்பட்ட ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி முதல் நாளன்று பொதுவுடைமையாயின. மேமி ஸ்மித்தின் அந்த 1920ஆம் ஆண்டுப் பாட்டை இனி எவரும் வெளியிடலாம்; எவரும் கேட்கலாம். பூட்டிய அறையில் ஒரே ஒரு தட்டை வைத்துக்கொண்டு இது உலகில் வேறெவரிடமும் இல்லை என்று மகிழ்வோன் செல்வனாயிருக்கலாம். கலைக்கு அவன் காவலனல்லன். தன்னிடம் உள்ளதைப் பிறர் செவிக்கும் எட்டச் செய்பவனே காவலன். கிட்டாமையை வியந்தது போதும். கிட்டச் செய்தவரைப் போற்றுவோம்.