தேசவழமை: நிலைத்த சொல்லும் நகர்ந்த பொருளும்

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமாகிய தேசவழமை எழுத்துவடிவம் பெற்றதே வேற்றுமொழியில்தான். ஆளுநர் சைமன்சின் ஆணைப்படி, அங்கு நெடுங்காலம் பணியாற்றிய ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707-இல் அதனை டச்சு மொழியில் தொகுத்தார். தமிழாக்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரு முதலியார்கள் ஆய்ந்து இசைவளித்தனர். ஆங்கிலேயர் 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலிமை தந்தனர்.

ஆங்கில வடிவத்தில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் ஆகியன, எழுத்துக்கூட்டல் திரிந்தும், தமிழ்ச் சொற்களாகவே நின்றன. முன்னோர்வழிச் சொத்து, மணமகள் கொணரும் சொத்து, மணவாழ்வில் ஈட்டிய சொத்து என்னும் இப்பாகுபாட்டுக்கு நிகரான கலைச்சொற்கள் ஆங்கிலச் சட்டத்தில் இல்லாமையால் அம்முடிவு தக்கதே. ஆயின், சொல் பிழைத்ததனால் மரபும் பிழைத்தது என்று கொள்ளுதல் பொருந்தாது.

தேடியதேட்டம் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பொருள் தேடுதல் என்னும் வழக்கில் 'தேடு' ஈட்டுதலைக் குறிக்கும். எனவே கேட்ட அளவில் விளங்கும் சொல் இது. 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இதற்கு வரைவிலக்கணம் வகுத்தது. 1947-ஆம் ஆண்டின் திருத்தம் அவ்விலக்கணத்தை மாற்றியது. சொல் ஒன்றே, அது தழுவும் சொத்தோ ஆண்டுக்கேற்ப வேறுபடும்.

வழமை மாறியதைக் குறையெனல் இயலாது. போர்த்துக்கேயர் ஆட்சியில் சொத்துமுறை மாறிய செய்தியை ஐசாக்சின் தொகுப்பே பதிவுசெய்துள்ளது. மாற்றுவோர் யாவர் என்பதே ஈண்டு வினா. முன்னர் வழங்கிய மக்களே மாற்றினர். பின்னர்ச் சட்டம் வரைவோர் மாற்றினர். துளு நாட்டின் அளியசந்தானம் என்னும் தாய்வழி மரபுரிமையும் 1949-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்தால் வரையறைக்கு உட்பட்டமை ஒப்புநோக்கத்தக்கது.

இது மொழிபெயர்ப்பாளர்க்கு நேரடியான சிக்கலாகும். ஆங்கிலத் தீர்ப்பொன்றைத் தமிழாக்குங்கால் 'தேடியதேட்டம்' என்று மீட்டெழுதுவது எளிது. படிப்பவரோ அன்றாடப் பொருளையே கொள்வர். தமக்குரிய பங்கு யாதெனப் பிழைபட உணரவும் கூடும். வேற்றுமொழிச் சொல்லாயின் ஐயுற்று வினவுவர். தாய்மொழிச் சொல்லாதலின் வினவார். ஆகவே எவ்வாண்டுச் சட்டத்தின் பொருளில் அச்சொல் ஆளப்படுகிறது என்பதைப் பெயர்ப்பிலேயே சுட்டுதல் வேண்டும். வழக்காற்றுச் சட்டச் சொல்லகராதி தொகுப்போரும் மக்கள் வழக்கையும் சட்ட வரையறையையும் தனித்தனியே, ஆண்டுடன் தருவது இன்றியமையாதது.