ஒரு கபிலுக்கு மூணு கறுப்பு: அட்டை சேர்த்தலும் அணி சேர்தலும்

கிரிக்கெட் பற்றியெல்லாம் எழுத வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அது பார்ப்பன ஆட்டம், காலனிய எச்சம், கம்பெனிகளின் விளம்பரப் பலகை என்று நாமே பலமுறை பேசி முடித்துவிட்ட விஷயம். அந்தத் தீர்ப்பில் பெரிய தவறில்லை. ஆனால் விழுப்புரம் காலனிப் பையன் ஒருவன் எதற்காக ஜோயல் கார்னரின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான் என்று தீர்ப்பு சொன்ன யாரும் கேட்டதில்லை. அந்தப் பையன் நான். எனவே நானே கேட்டுப் பார்க்கிறேன்.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டபோது எனக்கு மூன்று வயது. எனக்கு எதுவும் நினைவில்லை. ஆனால் அம்மாவின் பேச்சில் காலம் 'கலவரத்துக்கு முன்ன', 'கலவரத்துக்கு அப்புறம்' என்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. பள்ளிக்கூட வயது வந்ததும் திண்டிவனத்தில் அத்தை வீட்டில் விட்டார்கள். சனிக்கிழமை பாசஞ்சரில் விழுப்புரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்ப திண்டிவனம். இரண்டு ஊர்ப் பையன் என்று என்னைச் சொல்வார்கள். உண்மையில் இரண்டிலுமே நாங்கள் ஊருக்குள் இல்லை. ஊர் வேறு, காலனி வேறு.

அட்டை எங்களுக்குப் புதிதல்ல. காலி சிகரெட் பெட்டியைக் கிழித்து, பிராண்டுக்கு ஒரு மதிப்பு வைத்து, அதையே காசாக வைத்துச் சூதாடியவர்கள் நாங்கள். அமெரிக்காவில் பேஸ்பால் அட்டைகளும் சிகரெட் பெட்டியோடுதான் பரவின. சிகரெட் நசுங்காமலிருக்க வைத்த தடித்த அட்டையில் ஆட்டக்காரனின் படத்தை அச்சடித்தார்கள். பிறகு பபிள்கம் வந்தது. எங்களுக்கும் எண்பதுகளின் கடைசியில் பிக் ஃபன் பபிள்கம் வந்தது. உள்ளே கிரிக்கெட் வீரர் படம், ஓட்டமோ விக்கெட்டோ ஒரு எண். கம் வாங்கக் காசில்லாத நாட்களில் பழைய பேப்பர் கடையில் 'ஸ்போர்ட்ஸ்டார்' பொறுக்கி, படத்தை வெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகையின் மேல் மைதாப் பசையால் ஒட்டி நாங்களே அட்டை செய்தோம். கம்பெனி அட்டைக்கும் எங்கள் அட்டைக்கும் தெருவில் ஒரே மரியாதைதான். பண்டத்தை நுகர்கிறவன் வெறுமனே நுகர்ந்துவிட்டுப் போவதில்லை, தானும் ஒன்றைச் செய்கிறான் என்பதற்கு எனக்குத் தெரிந்த முதல் சான்று அந்தப் பசை காய்ந்த அட்டை.

இப்போது மாற்று விகிதத்துக்கு வருகிறேன். திண்டிவனத்தில் எங்கள் தெருவின் கணக்கு இது: ஒரு கபில்தேவ் வேணும்னா மூணு கறுப்பு குடுக்கணும். ஒரு கவாஸ்கருக்கும் மூணு. 'கறுப்பு' என்பது தனி ஆளின் பெயரல்ல. மார்ஷல், ஹோல்டிங், கிரீனிட்ஜ், ஹெய்ன்ஸ் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர் அது. இது தேசப்பற்றுதானே, நம்ம ஆளுக்கு விலை கூட இருக்காதா என்று கேட்கலாம். சரி, இம்ரான் கானுக்கு என்ன சொல்வது? அவர் எதிரி நாட்டுக்காரர். ஆனாலும் ஒரு இம்ரானுக்கு ரெண்டு கறுப்பு. ஏன்டா என்று கேட்டால் "ஆளு செவப்பா, ஷோக்கா இருக்கான்டா" என்று பதில் வரும். அந்தப் பதிலைச் சொன்னவனும் கேட்டவனும் அடுப்புக்கரி நிறம். எங்கள் தெருவில் சிவப்பு என்று சொல்ல ஒரு ஆளில்லை.

அந்த விகிதத்தில் லாபம் பார்த்தவன் நான்தான் என்பதை இங்கே மறைக்கக் கூடாது. நான் மேற்கிந்தியத் தீவுகளின் ரசிகன். எல்லோரும் தள்ளிவிட்ட முகங்களை மலிவாக வாங்கிச் சேர்த்தேன். ஒரே ஒரு கபிலை விற்றே என் வேகப்பந்து வரிசையை நிறைத்தேன். தெருவின் நிறவெறிதான் என் சேகரிப்பின் மூலதனம். அவர்களை நேசித்த நானே அந்த மூணுக்கு ஒண்ணு என்ற கணக்கை ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை. விலை ஏறினால் எனக்குக் கட்டாது.

இது எங்கள் தெருவின் அறியாமை மட்டுமல்ல. 1990-இல் நார்டினெல்லி, சைமன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க பேஸ்பால் அட்டைகளின் விலையை ஆராய்ந்தார்கள். ஒரே அளவு திறமை காட்டியவர்களில், வெள்ளையரல்லாத மட்டையாளர்களின் அட்டை சுமார் 10 சதவீதமும் பந்தெறிவோரின் அட்டை சுமார் 13 சதவீதமும் குறைவாக விற்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. பின்னால் வந்த சில ஆய்வுகள் இதிலிருந்து மாறுபட்டன. ஆனால் விலை பேசுவதற்கே இடமில்லாத ஒரு காலம் அதற்கு முன்னால் இருந்தது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த புகழ்பெற்ற வரிசையில் 500-க்கும் மேற்பட்ட அட்டைகள் உண்டு. அதில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. பெரிய லீக்குகளில் ஜாக்கி ராபின்சன் நுழைந்ததே 1947-இல்தான். அந்த வரிசையின் ஹோனஸ் வாக்னர் அட்டை ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. அரிதான பொருளுக்குச் சந்தையில் விலை உண்டு. அடியோடு விலக்கப்பட்டவனுக்கு விலையே கிடையாது.

சரி, ஏன் அந்த அணி? நிறம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதிதான். மேற்கிந்தியத் தீவுகள் என்று ஒரு நாடு இல்லை. 1958-இல் உருவான கூட்டாட்சி 1962-இல் கலைந்துபோனது, அணி மட்டும் மிஞ்சியது. நாடில்லாத அணி! ஊரில்லாத எனக்கு அது பிடித்துப்போனதில் என்ன ஆச்சரியம்? கறுப்பர் ஒருவர் முழுத் தொடருக்கு அந்த அணியின் தலைவராவதற்கே 1960 வரை, பிராங்க் வோரெல் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காக சி.எல்.ஆர். ஜேம்ஸ் தன் பத்திரிகையில் இயக்கமே நடத்தினார். 1976-இல் இவர்களை மண்டியிட்டுத் தவழ வைப்பேன் என்ற பொருளில் பேசினார் இங்கிலாந்துத் தலைவர் டோனி கிரெய்க். அந்தத் தொடரை 3-0 என்று ஜெயித்துப் பதில் சொன்னார்கள். இந்தச் செய்தியெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் ஹெல்மெட் போடாமல் சூயிங்கம் மென்றுகொண்டு நடந்து வரும் ரிச்சர்ட்ஸின் படத்தில் யாருக்கும் ஒதுங்கி வழிவிடாத ஒரு நடை இருந்தது. எங்கள் பெரியவர்களிடம் நான் பார்க்காத நடை அது.

1988 ஜனவரி. சேப்பாக்கத்தில் ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட் எடுத்து அவர்களைச் சுருட்டினார். டீக்கடை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "இன்னாடா, இந்தியா ஜெயிச்சா நீ அழுவுற? நீ எந்த நாட்டுக்காரன்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அதே கடையில் என் தாத்தாவுக்குத் தனி டம்ளர் இருந்தது என்று அத்தை சொல்லியிருக்கிறது. டீ கொடுக்கும்போது நினைவுக்கு வராத நாடு, ஸ்கோர் கேட்கும்போது மட்டும் ஏன் வருகிறது?

இப்படிச் சொல்லி அட்டையைப் புனிதமாக்கிவிடவும் முடியாது. அட்டையின் முன்பக்கம் உடல், பின்பக்கம் எண். இரண்டுக்கும் நடுவே வரலாறு கிடையாது. என்னிடம் காலின் கிராஃப்ட் அட்டை இருந்தது. 1983-இல் தடையை மீறி, நிறவெறி அரசு நடந்த தென்னாப்பிரிக்காவுக்குப் பணத்துக்காக ஆடப் போனவர்களில் அவரும் ஒருவர். அங்கே வெள்ளையருக்கான ரயில் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டார். ரிச்சர்ட்ஸ் பெருந்தொகையை மறுத்து அங்கே போகவில்லை. என் ஆல்பத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தாளில் ஒரே கம்பீரத்தோடு நின்றார்கள். பிம்பம் இருவரையும் சமமாக்கிவிட்டது. போராட்டத்தின் சாயல் கிடைத்தது, போராட்டம் கிடைக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. படங்களை ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டியதெல்லாம் அத்தை பொண்ணு. தெருவில் நின்று மாற்றப்போகும் உரிமை மட்டும் எனக்கு. ஆல்பத்தின் மேல் என் பெயர். "இதுல பொம்பளைங்க ஒருத்தருமே இல்லியா?" என்று அது ஒருமுறை கேட்டது. நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் வெகுகாலம் கழித்து வேறு வழியில் வந்தது. 2002-இல் வெளியான ராமச்சந்திர குஹாவின் நூல் வழியாகத்தான் பல்வங்கர் பாலு என்ற பெயரை அறிந்தேன். தலித், இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். புனாவில் சக ஆட்டக்காரர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் டீ குடிக்க, இவருக்கு வெளியே தனிக் குவளை. 1911-இல் இங்கிலாந்துப் பயணத்தில் 100-க்கும் மேல் விக்கெட் எடுத்தார். 'இந்துக்கள்' அணிக்கு அவரைத் தலைவராக்க மனம் வரவில்லை. அந்தப் பொறுப்பு 1923-இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. கடைசியில் 1937 தேர்தலில் அதே பாலு அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நமக்கு வேண்டியவர்கள் நாம் விரும்பும் வடிவத்தில் கிடைப்பதில்லை.

பார்படாஸ் வரை போய் உறவு தேடிய எனக்கு, அந்தத் தனிக் குவளைக்காரரைப் பற்றி டீக்கடையும் சொல்லவில்லை, பள்ளிக்கூடமும் சொல்லவில்லை, பபிள்கம்மும் சொல்லவில்லை. தொலைவிலிருந்த கறுப்பை நேசிக்க முடிந்தது, ஏனென்றால் அதற்கு அட்டை இருந்தது. பக்கத்திலிருந்த கறுப்புக்கு அட்டை இல்லை. கிரிக்கெட் நம் ஆட்டமா இல்லையா என்ற விவாதத்தை நண்பர்கள் தொடரட்டும். என் கேள்வி வேறு. யாருடைய முகம் அட்டையாக அச்சாகிறது, யாருடைய முகம் அச்சுக்கே வராமல் போகிறது? அட்டையானதும் ஒருத்தன் எப்படி மூணுக்கு ஒண்ணாக விலை இறங்குகிறான்? அந்தச் சந்தையில் கடை போட்டிருப்பவர்கள் நாமும்தான்.